ஓடிப் பார்க்க வேண்டும்

குண்டசாலை
4 மார்ச் 1979

அன்புடையீர்,

யாழ்ப்பாணத்தில் எட்டாம் வகுப்பில் ஒருநாள் பாலாம்பிகை என்ற பிள்ளை எழுந்து ஒரு கேள்வி கேட்டாள். "டீச்சர், வளைவிலை கார் திரும்பேக்கை சாயிறது ஆர்? காரோ, காருக்குள்ளை இருக்கிறவையோ?"

நான் கரும்பலகையில் ஒரு வளைவு கீறி, அதன்மேல் ஒரு காரைக் கீறி, அம்புக்குறி போட்டு விளக்கினேன். அவள் அம்புக்குறியைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள். "நீங்கள் வளைவிலை கார் ஓடியிருக்கிறியளோ, டீச்சர்?"

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். எங்கள் ஊர் ரோட்டுகள் அடிமட்டம் வைத்து நேராகக் கீறியவை. வளைவுக்கு நான் எங்கே போவேன்?

முன்பின் தெரியாத உங்களுக்கு இதை ஏன் எழுதுகிறேன் என்று யோசிப்பீர்கள். என் பெயர் சத்தியபாமா. பௌதிகம் படிப்பித்துக் கடந்த டிசம்பரில் ஓய்வு பெற்றேன். இப்போது குண்டசாலையில் என் தம்பி மகேந்திரராசாவின் வீட்டில் இருக்கிறேன். வந்த நாளில் இருந்து இங்கே எந்தப் பக்கம் திரும்பினாலும் வளைவுதான். ஆனால் பஸ்ஸில் சாய இடமில்லை. எல்லோரும் நெருக்கிக்கொண்டு நிற்பதால் ஒருவருக்கும் ஒன்றும் தெரிவதில்லை. ஆகவே கண்டியில் பயிற்சிக்குப் போய் லைசென்ஸ் எடுத்துவிட்டேன். இனி வேண்டியது என் முதல் கார்.

இன்றைய பத்திரிகையில் உங்கள் விளம்பரத்தைப் பார்த்தேன். எம்.ஜி. மிட்ஜெட், பச்சை நிறம், இரண்டே ஆசனம், தோட்டத் துரை பாவித்தது. தம்பி எட்டிப் பார்த்துவிட்டு, "அக்கா, இது பொடியள் ஓடுற கார். உங்களுக்கு ஒரு மொறிஸ் மைனர் காணும்" என்றான். நான் ஒரு தட்டத்தில் சோடாப் போத்தலையும் கோப்பைத் தட்டையும் வைத்துச் சரித்துக் காட்டினேன். போத்தல் விழுந்தது. கோப்பைத் தட்டு விழவில்லை. வளைவைப் படிப்பதற்குத் தாழ்ந்த கார்தான் சரி என்றேன். அவன் சோடாவைத் துடைத்தான்.

ஓய்வூதியக்காரிக்கும் கட்டுப்படியாகிற விலைக்கு ஒரு ஸ்போர்ட்ஸ் காரை விற்கிறீர்கள் என்றால் அதற்கு ஒரு காரணம் இருக்கும். அதை எழுதுங்கள். காரணம் தெரிந்தால் நான் பயப்பட மாட்டேன்.

நேரில் வந்து நான் ஓடிப் பார்க்க வேண்டும். ஏற்றத்தில் ஒருமுறை, இறக்கத்தில் ஒருமுறை. உங்களுக்கு ஆட்சேபணை இல்லையே?

இப்படிக்கு
சத்தியபாமா


கல்லுமலைத் தோட்டம்
நாவலப்பிட்டி
10 மார்ச் 1979

டீச்சர் அம்மா அவர்களுக்கு லெட்சுமணன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது.

நான் இந்தத் தோட்டத்தில் கணக்கு எழுதும் பெரிய கிளாக்கர். விளம்பரத்துக்கு வந்த பதில் இரண்டு. ஒன்று உங்களுடையது. மற்றது கலகெதரயில் பழைய இரும்புக் கடை வைத்திருக்கும் ஹபீலுடையது. அவர் எஞ்சினையும் சில்லுகளையும் கழற்றிக்கொண்டு மிச்சத்தை வெட்டிவிடுவார்.

விலை குறைந்த காரணம் கேட்டீர்கள். முதல் காரணம், இரண்டு பேர்தான் உட்காரலாம். போன மாதம் வந்து பார்த்த ஒருவர், "புள்ளகுட்டிய எங்கங்க போடுறது, டிக்கியிலயா?" என்று கேட்டுவிட்டுப் போனார். மற்றது, மழைக்குக் கூரைத் துணி ஒழுகும். இங்கே மழை இல்லாத நாள் குறைவு. வலது கதவுக்குக் கீழே துருப்பிடித்துப் பட்டி பூசியிருக்கிறேன். இரண்டாவது கியர் முனகும். கிளச்சை முழுசாக அமுக்கி, ஒரு மூச்சு விட்டுப் போட்டால் விழும். இதற்குமேல் எனக்குத் தெரிந்த குறை இல்லை.

விற்கும் காரணம் வேறு. எங்களுக்கு இந்தியப் பாஸ்போர்ட் வந்துவிட்டது. மே மாதம் பயணம். ரயிலில் தலைமன்னார், அங்கிருந்து கப்பல். பெட்டி படுக்கை கொண்டுபோகலாம், கார் கொண்டுபோக முடியாது. தோட்டங்களை அரசாங்கம் எடுத்தபோது துரை சீமைக்குத் திரும்பினார். போகும்போது எனக்குக் கொடுத்த கார் இது. வெட்டாமல் வைத்திருக்கிற ஒருவர் கையில் கொடுத்துவிட்டுப் போக வேண்டும் என்பது என் ஆசை. நடக்குமோ தெரியவில்லை.

ஓடிப் பார்க்க வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். அம்மா, இங்கே ஏற்றம் சாஸ்தி. எங்கள் பிள்ளைகளுக்கே மூச்சு வாங்கும். ஸ்டேஷனடியில் இருந்து பஸ் இருக்கிறது. தோட்டச் சந்தியில் இறங்கி ஆறுதலாக நடந்து வாருங்கள். ஓட வேண்டாம்.

லெட்சுமணன்


குண்டசாலை
17 மார்ச் 1979

மதிப்புக்குரிய லெட்சுமணன் அவர்களுக்கு,

குறைகளை எல்லாம் முதல் கடிதத்திலேயே எழுதிவிட்டீர்கள். தெரியாத கேள்விக்குத் "தெரியாது" என்று எழுதிவிட்டு வருகிற பிள்ளையை எனக்கு எப்போதும் பிடிக்கும். ஓடாமல் ஆறுதலாக நடந்து வரச் சொன்ன பகிடியைத் தம்பிக்கு வாசித்துக் காட்டினேன். இருவரும் நன்றாகச் சிரித்தோம்.

ஒன்றை மட்டும் பார்த்துவிட்டு நல்லது என்று சொல்ல முடியாது அல்லவா? ஆகவே கட்டுகஸ்தோட்டையில் பழைய கார் விற்கும் பாயிஸ் என்பவரின் யார்டுக்குப் போனேன். அங்கே ஒரு சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் நின்றது. விலை உங்கள் காரை விடக் குறைவு. பளபளப்போ கண்ணைக் கூசியது. என் மனம் அங்கேயே போய்விட்டது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் முதலில் பொனற்றில் கையை வைத்துப் பார்த்தேன். சூடாக இருந்தது. நான் வருமுன்பே ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார்கள். காலைக் குளிரில் முரண்டு பிடிக்கிற எஞ்சின் சூட்டில் நல்ல பிள்ளையாகிவிடும்.

பிறகு என் லாடக் காந்தத்தைக் கைக்குட்டையில் சுற்றிக் கதவில் வைத்தேன். விழுந்தது. ஒரு சாண் தள்ளி வைத்தேன். அங்கும் விழுந்தது. தகரம் இருக்க வேண்டிய இடமெல்லாம் பட்டி.

"டீச்சர், நீங்க கார் வாங்க வந்தீங்களா, இரும்பு வாங்க வந்தீங்களா?" என்றார் பாயிஸ்.

"இரும்பு இருக்குதோ எண்டு பார்க்க வந்தனான்."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். "அப்ப மத்தக் கதவுப் பக்கம் போக வேணாம், டீச்சர். காந்தத்துக்குத்தான் வீண் அலைச்சல்."

எனக்கு அந்த மனிதரைப் பிடித்துவிட்டது. கார் பிடிக்கவில்லை.

தம்பி சொன்ன மொறிஸ் மைனரையும் பார்த்தேன். காந்தம் எல்லா இடத்திலும் ஒட்டியது. எண்ணெய் ஒழுக்கு இல்லை. ஆனால் அதைப் பார்த்துக்கொண்டு நின்றபோது எனக்கு ஒரு கேள்வியும் வரவில்லை. திரும்பி வந்துவிட்டேன்.

25ஆம் திகதி ஞாயிறு உங்கள் வீட்டுக்கு வருகிறேன்.

சத்தியபாமா


கல்லுமலைத் தோட்டம்
26 மார்ச் 1979

டீச்சர் அம்மா அவர்களுக்கு,

நீங்கள் வந்தபோது நான் வீட்டில் இல்லாமல் போனது பெரிய தவறு. நேற்று என் மச்சான் குடும்பத்துக்குப் பயணம். நாவலப்பிட்டி ஸ்டேஷனில் அவர்களை ரயிலேற்றப் போயிருந்தேன். ரயில் போன பிறகும் அழுகிறவர்களை விட்டுவிட்டு வர முடியவில்லை. கார்ச் சாவியும் என் பையிலேயே இருந்துவிட்டது. எஞ்சின் சத்தத்தைக்கூடக் கேட்காமல் போய்விட்டீர்கள்.

என் சம்சாரம் பேச்சியம்மா நேற்றிலிருந்து உங்களைப் பற்றித்தான் பேசுகிறாள். "என்னாங்க, அந்த டீச்சரம்மா சாக்க விரிச்சுக் காருக்கு அடியில படுத்துட்டாங்க! சீலையோட! எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. வெளிய வந்தா மூஞ்சி பூரா கிரீஸு. காந்தம் கீழ விழுந்திச்சு. 'உங்கட வீட்டுக்காரர் எழுதின இடத்திலைதான் விழுந்தது பிள்ளை'ன்னு சிரிக்கிறாங்க!" காந்தம் விழுந்ததற்குச் சந்தோஷப்பட்ட ஆளை இப்போதுதான் கேள்விப்படுகிறேன்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். இந்த எஞ்சின் சத்தம் மலையில் வெகுதூரம் கேட்கும். துரை காலத்தில் அதைக் கேட்டால் கங்காணி பீடியை எறிந்துவிடுவார். குந்தியிருந்த பெண்கள் கூடையை மாட்டிக்கொண்டு எழுந்துவிடுவார்கள். துரை போனபின் நான் முதல்முதலாக ஓட்டிக்கொண்டு வந்த அன்றைக்கும் மலை முழுக்க எழுந்து நின்றது. வளைவு திரும்பியதும் சுப்பம்மாக் கிழவி என்னைக் கண்டுவிட்டாள். "அட, நம்ம கிளாக்கருப் பய! எதுக்குடா எங்கள எந்திரிக்க வச்ச?" என்று ஏசினாள். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அன்றிலிருந்து ஒவ்வொரு வளைவுக்கு முன்னும் இரண்டு தரம் ஹோர்ன் அடிப்பேன். நான்தான் வருகிறேன், எழ வேண்டாம் என்று அர்த்தம்.

அந்த எஞ்சின் இரும்புக் கடையில் கிடக்கும் என்று நினைத்தால் சோறு இறங்கவில்லை. ஏப்ரலுக்குள் உங்கள் முடிவைச் சொல்ல வேண்டும்.

லெட்சுமணன்


குண்டசாலை
2 ஏப்ரல் 1979

மதிப்புக்குரிய லெட்சுமணன் அவர்களுக்கு,

ஹோர்ன் கதையை வாசித்தபின் மற்றக் கார்களை எல்லாம் மறந்துவிட்டேன். ஆனால் முடிவு சொல்வதற்கு முன் ஒன்று பாக்கி. புத்தகத்தில் படிப்பதும் செய்கிறவரின் கையைப் பார்ப்பதும் வேறு வேறு. ரொட்டிக்கு மாக் குழைப்பதைப் பாருங்கள். எவ்வளவு தண்ணீர் என்று எழுதி வைக்கலாம், ஆனால் குழைக்கிறவரின் விரலைப் பார்த்தால்தான் விளங்கும்.

ஆகவே உங்களிடம் ஒரு வேண்டுகோள். இந்தியா போகுமுன் கடைசியாக எப்போது ஓடப் போகிறீர்கள்? எந்த நாள் என்று முன்கூட்டியே எழுதினால் நான் வந்து நிற்பேன். எனக்குச் சொல்லாமல் ஓடிவிட வேண்டாம். இத்தனை வருடம் ஓடியவர் எப்படி ஓடுகிறார் என்று பக்கத்தில் இருந்து பார்க்க ஆசையாக இருக்கிறது. அதைப் பார்த்தால் பாதிப் பாடம் முடிந்தது.

பேச்சியம்மாவுக்கு என் அன்பு. சேலையில் பட்ட கிரீஸ் போகவில்லை. போகட்டும்.

சத்தியபாமா


கல்லுமலைத் தோட்டம்
9 ஏப்ரல் 1979

டீச்சர் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. திரும்பத் திரும்ப வாசித்தேன். நான் எப்போது ஓடப் போகிறேன் என்று கேட்டிருக்கிறீர்கள். சொல்லாமல் ஓடிவிடக் கூடாது என்றும், ஓடுவதைப் பக்கத்தில் இருந்து பார்க்க ஆசை என்றும் எழுதியிருக்கிறீர்கள்.

நாங்கள் ஓடவில்லை. என் பாட்டனையும் அப்பாவையும் இந்த மலையில்தான் புதைத்தோம். நாங்கள் யாரையும் ஏமாற்றவில்லை, யாருக்கும் பயந்து ஒளியவில்லை. இலங்கை, இந்தியா இரண்டு அரசாங்கமும் உட்கார்ந்து, இத்தனை பேர் இங்கே, இத்தனை பேர் அங்கே என்று பிரித்தார்கள். நாங்கள் அங்கே விழுந்தோம். அவ்வளவுதான். அதை வேடிக்கை பார்க்க வேண்டுமென்றால் நாவலப்பிட்டி ஸ்டேஷனுக்கு எந்த வாரமும் வரலாம்.

படித்த உங்களிடம் இதை எதிர்பார்க்கவில்லை.

வருஷப் பிறப்பு முடிந்து 21ஆம் திகதி சனிக்கிழமை ஹபீல் லொறியோடு வருகிறார். கார் விஷயம் அத்துடன் முடிந்தது.

லெட்சுமணன்


தந்தி
குண்டசாலை
20 ஏப்ரல் 1979

வெட்ட வேண்டாம். எங்கள் ஊரில் ஓடுவது என்றால் ஓட்டுவது. மன்னியுங்கள். கடிதம் வருகிறது. சத்தியபாமா.


குண்டசாலை
20 ஏப்ரல் 1979

மதிப்புக்குரிய லெட்சுமணன் அவர்களுக்கு,

வருடப் பிறப்புத் தபாலில் அகப்பட்டு உங்கள் கடிதம் இன்று காலைதான் வந்தது. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. காரைப் பற்றிக் கேட்டதற்கு இந்த மனிதர் ஏன் பாட்டனாரின் புதைகுழியைப் பற்றி எழுதுகிறார் என்று முழித்தேன். பக்கத்து வீட்டு ரத்தினம்மாவிடம் கொண்டுபோனேன். அவவும் ஆசிரியை. ஊர் ஹட்டன் பக்கம்.

"நீங்க என்னா எழுதுனீங்க, டீச்சர்?"

நான் சொன்னேன். அவ நெற்றியில் அடித்துக்கொண்டா. "சொல்லாம ஓடிடாதீங்கன்னா எழுதுனீங்க? ஐயோ, கடன்காரனுக்குக்கூட யாரும் இப்படி எழுத மாட்டாங்களே!"

"ஏன், அவர்தானே கார் ஓடுறவர்?"

"ஓட்டுறவர், டீச்சர்! கார் ஓட்டுறவர். ஓடுறவர்னா தப்பிச்சு ஓடுறவர்!"

லெட்சுமணன் அவர்களே, எங்கள் ஊரில் ஒருவரும் காரை ஓட்டுவதில்லை. கார் ஓடுவோம், சைக்கிள் ஓடுவோம், லொறியும் ஓடுவோம். "உனக்குக் கார் ஓடத் தெரியுமோ?" என்றுதான் கேட்போம். கடைசியாக எப்போது ஓடப் போகிறீர்கள் என்று நான் கேட்டது, கடைசியாக எப்போது இந்தக் காரை ஓட்டப் போகிறீர்கள் என்றுதான். பக்கத்தில் இருந்து பார்க்க விரும்பியது உங்கள் கையையும் கியரையும்.

இப்போது முதல் கடிதத்தையும் நினைத்துப் பார்க்கிறேன். ஓட வேண்டாம், ஆறுதலாக நடந்து வாருங்கள் என்று நீங்கள் எழுதியது பகிடி அல்ல. வயதான ஒருத்தி மலையேறி ஓடப் போகிறாளே என்று உண்மையாகக் கவலைப்பட்டிருக்கிறீர்கள். நாங்கள் இங்கே இருந்து சிரித்திருக்கிறோம். "ஓட்டிக்கொண்டு வந்தேன்" என்று நீங்கள் தெளிவாக எழுதியும் நான் கவனிக்கவில்லை. பிள்ளைகளின் விடைத்தாளாக இருந்தால் சிவப்புப் பேனாவை எடுத்திருப்பேன்.

கார் எனக்குக் கிடைக்க வேண்டும் என்பதற்காக இதை எழுதவில்லை. அந்த ஒரு வார்த்தையை மனதில் வைத்துக்கொண்டு நீங்கள் கப்பலேறக் கூடாது.

சத்தியபாமா


கல்லுமலைத் தோட்டம்
22 ஏப்ரல் 1979

டீச்சர் அம்மா அவர்களுக்கு,

தந்தி நேற்றுக் காலை வந்தது. ஹபீல் அப்போது காருக்குள் தலையை விட்டு ஆணி கழற்றிக்கொண்டிருந்தார். தந்தி என்றதும் பேச்சியம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். "யாருங்க செத்தது?"

"யாரும் சாகல. டீச்சர் அனுப்பியிருக்காங்க. ஓடுறதுன்னா ஓட்டுறதாம்."

அவள் வாயில் இருந்து கையை எடுத்தாள். "சரியாத்தானே சொல்லியிருக்காங்க? நாம எங்கங்க ஓடுறோம், நம்மள ஓட்டுறாங்க."

எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. ஹபீல் ஸ்பேனரோடு வெளியே வந்து, "வெட்டவா, வேணாமா? எனக்கு ஒரே சொல்லாச் சொல்லுங்க" என்றார். வேண்டாம் என்றேன். லொறி பிடித்துக்கொண்டு கலகெதரயில் இருந்து வந்த மனிதர், கோபம் வராதா? "அப்ப கழட்டினத நான் கொண்டு போறேன், கிளாக்கரய்யா. சும்மா கையோட போனா வீட்டுல சிரிப்பாங்க." அவர் கழற்றி முடித்திருந்தது இடது பக்கச் சீட். கொடுத்துவிட்டேன். சொன்ன சொல்லை மாற்றியவன் நான்தானே.

ஆகையால் இப்போது பக்கத்தில் இருந்து பார்க்க இடமில்லை. காரில் இருப்பது ஒரே ஒரு சீட். அது ஸ்டியரிங்குக்கு முன்னால் இருக்கிறது. நீங்கள்தான் ஓட வேண்டும். உங்கள் ஊர் ஓட்டம்.

மே 12ஆம் திகதி பயணம். குடும்பமும் சாமானும் லொறியில் ஸ்டேஷனுக்குப் போகிறது. ஒரு டிரங்குப் பெட்டியை மட்டும் காரில், சீட் இருந்த இடத்தில் வைப்பேன். அதன்மேல் நான் உட்கார்ந்துகொள்கிறேன்.

உங்கள் கடிதம் இன்னும் வரவில்லை. தந்தியே போதும்.

லெட்சுமணன்


குண்டசாலை
28 ஏப்ரல் 1979

மதிப்புக்குரிய லெட்சுமணன் அவர்களுக்கு,

12ஆம் திகதி விடியவே வந்துவிடுவேன். நான் வருமுன் எஞ்சினைச் சூடாக்கி வைக்க வேண்டாம். அது குளிரில் எப்படி எழும்புகிறது என்று கேட்க வேண்டும். இரண்டாவது கியருக்கு ஒரு மூச்சு விட இப்போதே பழகுகிறேன். தம்பி என்னைப் பார்த்து, இழுப்பு வந்துவிட்டதோ என்று கேட்கிறான்.

தோட்டத்துக்குள் எந்தெந்த வளைவில் ஹோர்ன் அடிக்க வேண்டும் என்று பெட்டியில் இருந்து நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

சத்தியபாமா


கோத்தகிரி
நீலகிரி
8 ஜூலை 1979

டீச்சர் அம்மா அவர்களுக்கு,

நாங்கள் சுகம். இங்கே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கணக்கு எழுதக் கூப்பிட்டிருக்கிறார்கள், இன்னும் முடிவாகவில்லை. எங்களைச் "சிலோன்காரங்க" என்கிறார்கள். பேச்சியம்மா கடையில் கதிரை இருக்கிறதா என்று கேட்டாள். கடைக்காரர், "ஆறு மாசம் கழிச்சு வாம்மா, இப்பதான் நாத்து விட்டிருக்கு" என்றாராம். நெல் கதிரைத்தான் கேட்கிறாள் என்று நினைத்துவிட்டார். இங்கே கதிரைக்கு நாற்காலி என்றுதான் சொல்ல வேண்டும். உங்களை நினைத்துக்கொண்டோம்.

நேற்று என் பழைய கோட்டுப் பையில் கையை விட்டால் காரின் இரண்டாவது சாவி. உங்களிடம் கொடுக்க மறந்து கடல் தாண்டிக் கொண்டுவந்துவிட்டேன். பதிவுத் தபாலில் அனுப்பட்டுமா?

ஒன்று கேட்க நினைத்திருந்தேன். அன்றைக்கு ஸ்டேஷன் வரை நீங்கள் ஒரு வார்த்தை பேசவில்லை. நான் மட்டும் பெட்டியோடு வழுக்கிக் கதவில் முட்டிக்கொண்டே வந்தேன். நம்ம சனங்கள் சிரித்தபடி கையாட்டினார்கள். அந்தப் பிள்ளை கேட்ட கேள்விக்கு உங்களுக்குப் பதில் கிடைத்ததா?

லெட்சுமணன்


குண்டசாலை
2 ஆகஸ்ட் 1979

அன்புள்ள லெட்சுமணன்,

கார் சுகம். பாயிஸ் இடது பக்கத்துக்கு ஒரு சீட் தேடித் தந்தார், அந்தச் சிவப்புக் காரில் இருந்து. "இதுல காந்தம் வைக்க வேணாம், டீச்சர், இது தோல்" என்றார். பச்சைக் காரில் சிவப்புச் சீட். ரத்தினம்மா அதில் இருந்துகொண்டு கோயிலுக்கு வருகிறா. தெல்தெனியப் பக்கம் போகும்போது வளைவுக்கு வளைவு இரண்டு தரம் ஹோர்ன் அடிக்கிறேன். அங்கே யாரும் எழும்பப் போவதில்லை. ஆனாலும் அடிக்கிறேன்.

அன்றைக்கு நான் பேசாமல் வந்தது கியருக்கு மூச்சு விட்டுக்கொண்டிருந்ததால். பாதிக் காரணம் அதுதான். மீதியை நீங்களே எழுதிவிட்டீர்கள். நீங்கள் கதவில் முட்டினீர்கள். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. ஓடுகிறவருக்குப் பிடிக்க ஸ்டியரிங் இருக்கிறது, அடுத்த வளைவும் அவருக்கு முன்கூட்டியே தெரியும். பெட்டியில் இருப்பவருக்கு இரண்டும் இல்லை. இத்தனை வருடம் கரும்பலகையில் காரை மட்டும் கீறினேன். உள்ளே ஒருவரையும் கீறவில்லை.

பாலாம்பிகைக்கு இப்படி எழுதியிருக்கிறேன்: உள்ளே இருப்பவர் சாய்வதில்லை, பிள்ளை. அவர் வந்த வழியே நேராகப் போகத்தான் பார்க்கிறார். கார்தான் அவருக்குக் கீழே திரும்பிவிடுகிறது. காரோடு சேர்ந்து திரும்புகிறவர்களுக்குத்தான் அது சாய்வது போலத் தெரிகிறது.

நான் எழுதியது சரியோ என்று நீங்களும் ஒருமுறை பார்த்துச் சொல்ல வேண்டும். சாவியைத் திருப்பி அனுப்ப வேண்டாம். அதை ஒரு நூலில் கட்டிப் பையில் வைத்திருங்கள். பஸ் வளைவில் திரும்பும்போது அதை விரலில் தொங்கவிட்டு, எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள்.

சத்தியபாமா